அளவையியலை அளவுசார் பிரிவிலிருந்து நீக்கிய கல்விப் பேரவைக்கு

மதிப்பிற்குரிய கல்விப் பேரவைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இறுதி செமஸ்டரின் ஆறாவது வாரத்தில் பட்டத் தகுதிச் சரிபார்ப்புப் பக்கத்தைத் திறந்தேன். முந்தைய வாரம்வரை பச்சையாக இருந்த கட்டம் ஒன்று சிவப்பாகியிருந்தது. 'அளவுசார் சிந்தனை: தேவை 3, பெற்றது 0, நிறைவேறவில்லை' என்று அதில் எழுதியிருந்தது. இரண்டாம் ஆண்டில் நான் படித்துத் தேறிய குறியீட்டு அளவையியல் (குறியீடுகளால் எழுதும் தர்க்கவியல், சிம்பாலிக் லாஜிக்) பாடத்தை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துக் கலைப்புலப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே எனக்குத் தேவையான 9 கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு) ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், அங்கும் இடமில்லாமல், பக்கத்தின் அடியில் 'விருப்பப் பாடங்கள்' என்ற வரிசையில் கடைசியாக அது கிடந்தது. நான் எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை. எதையும் பாதியில் விடவில்லை. இந்த செமஸ்டர் முடியும்போது என் கணக்கில் 121 கிரெடிட் இருக்கும். பட்டத்துக்குத் தேவை 120. ஆயினும் உங்கள் தீர்மானத்தின்படி நான் பட்டம் பெறத் தகுதியற்றவள்.

அந்தத் தீர்மானத்தை மூன்று முறை படித்தேன். அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. தத்துவத்துறை நடத்தும் எந்தப் பாடமும் இனி அளவுசார் சிந்தனைப் பிரிவில் சேராது என்பது ஒன்று. இந்த மாற்றம் 'இன்னும் பட்டம் பெறாத அனைத்து மாணவர்களுக்கும்' உடனடியாகப் பொருந்தும் என்பது மற்றொன்று. முதல் பகுதி தவறு என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். ஆனால் பாடப் பிரிவுகளை வகுப்பது பேரவையின் உரிமை, அந்த உரிமையில் தவறாக வகுக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான்காண்டுகளுக்கு முன் சேர்ந்து, நீங்கள் கொடுத்த பட்டியலின்படி படித்து, முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள்மீது அதைத் திருப்பி ஏவும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மடல் முதன்மையாக அதற்காகவே.

கட்டாயப் பாடங்களையே எதிர்ப்பவள் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். வரலாறு படிக்க வந்தவளை, ஆய்வகத்துடன் கூடிய இயற்கை அறிவியல் பாடம் ஒன்றைப் படித்தே ஆக வேண்டும் என்று இந்தப் பட்டப்படிப்பு கட்டாயப்படுத்தியது. வேண்டாவெறுப்பாக நிலவியல் எடுத்தேன். முதல் மாதம் முழுவதும், எண் மட்டும் ஒட்டப்பட்ட கற்கள் அடுக்கிய தட்டின் முன் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மெருகிடாத பீங்கான் தகட்டில் உரசி, விழும் கோட்டின் நிறத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிபோல் மின்னிய ஒரு கல்லை உரசியபோது தகட்டில் செங்காவி நிறத்தில் கோடு விழுந்தது. ஹேமடைட், இரும்புத் தாது. மேலே தெரியும் நிறத்தை நம்பாதே, உரசிப் பார் என்று எந்த வரலாற்று ஆசிரியரும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. அதன்பிறகு ஆவணங்களை நான் வாசிக்கும் விதமே கொஞ்சம் மாறியது. என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் அந்த அறைக்குள் நான் கால் வைத்திருக்கவே மாட்டேன். ஆகவே 120 கிரெடிட்டில் 36ஐ மேஜருக்கும் (முதன்மைத் துறை) 18ஐ மைனருக்கும் (துணைத் துறை) 23ஐ விருப்பத்துக்கும் கொடுத்துவிட்டு, மீதி 43ஐ மாணவர் தாமாகத் தேடிப் போகாத துறைகளுக்கென்று ஒதுக்கிவைக்கும் இந்த ஏற்பாட்டை நான் மனதார ஆதரிக்கிறேன். பல துறைகளையும் பரவலாகக் கற்பிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் பட்டம் என்பதே அந்த 43தான் என்றுகூடச் சொல்வேன்.

சேர்க்கையின்போது தந்த பாடத்திட்டக் கையேட்டில் அந்த 43 கிரெடிட்டுக்கான பட்டியல் இரண்டு பக்கங்களில் இருந்தது. அதை நகலெடுத்து மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தேன். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் முடித்த பாடத்தின்மேல் கோடு போடுவேன். அளவுசார் சிந்தனை என்ற தலைப்பின்கீழ் ஐந்து பாடங்கள் இருந்தன: கல்லூரி இயற்கணிதம், நுண்கணிதம், புள்ளியியல் அறிமுகம், கணினி நிரலாக்க அறிமுகம், குறியீட்டு அளவையியல். இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும் என்று கையேடு சொன்னது. ஐந்தாவதை எடுத்தேன். பதிவுப் படிவத்தில் என் கல்வி ஆலோசகர் தம் கைப்பட 'அளவுசார் தேவை நிறைவேறும்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அளவையியலை எடுத்த காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கணிதத்தைவிட அது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

உங்கள் தீர்மானத்தோடு இணைத்த விளக்கக் குறிப்பு, இந்தப் பாடத்தைக் கணிதத்திலிருந்து தப்பிக்கும் 'குறுக்குவழி' என்கிறது. அந்த வரியை எழுதியவர் அந்த வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்திருப்பாரா என்று தெரியவில்லை. முதல் உள்தேர்வில் நான்கு மாறிகள் கொண்ட ஒரு வாய்பாட்டுக்கு மெய்மை அட்டவணை போடச் சொன்னார்கள். மாறிகள் ஒவ்வொன்றும் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளிலும் வாய்பாடு மெய்யா பொய்யா என்று வரிவரியாக எழுத வேண்டும். நான்கு மாறிகள் என்றால் 16 வரிகள். பதினோராவது வரியில் 'மெய்' என்று வர வேண்டிய இடத்தில் 'பொய்' என்று எழுதிவிட்டேன். மீதி 15 வரிகளும் சரி. அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஏனென்று கேட்டபோது, 'பதினாறில் பதினைந்து சரி என்பது அட்டவணையில் கிடையாது. அந்த ஒரு வரியால் உன் முடிவு மாறிவிட்டதா இல்லையா என்று பார்' என்றார் பேராசிரியர். பார்த்தேன், மாறித்தான் இருந்தது. எப்போதும் உண்மையான ஒரு கூற்றை, சில வேளை பொய்யாகும் கூற்று என்று நான் முடிவுகட்டியிருந்தேன். மாறிகள் ஐந்தானால் வரிகள் 32, ஆறானால் 64. அதன்பிறகு அட்டவணை போடுவது மனிதரால் ஆகாது என்ற நிலையில்தான் வருவித்தல் விதிகளும் நிறுவல்களும் தொடங்கின. அங்கிருந்து 'எல்லாம்', 'ஏதேனும் ஒன்று' என்ற இரண்டு சொற்களை எந்த வரிசையில் வைப்பது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு என்பதும், ஒரே ஒருவர்தான் எல்லாருக்கும் தாய் என்பதும் ஒன்றல்ல என்று பேச்சில் எவருக்கும் தெரியும். அதைக் குறியீட்டில் பிழையின்றி எழுத எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன. தமிழில் மேல்நிலைக் கணிதம் படித்தவர்கள் மெய்மை அட்டவணையைக் கணிதப் பாடநூலில் சந்தித்திருப்பார்கள். அங்கே அது கணிதமாகவும், எங்கள் தத்துவத்துறையின் கரும்பலகைக்கு வந்ததும் கணிதம் அல்லாததாகவும் மாறுவது எப்படி என்பதைக் குறிப்பு விளக்கவில்லை.

குறிப்பு சொல்லும் மற்றொரு காரணம், மரபு. அளவையியல் 'மரபுப்படி மொழிசார் கலை' என்கிறீர்கள். உண்மைதான். லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயருக்கு மூலமான ஏழு கலைகளை ஐந்தாம் நூற்றாண்டில் மார்ட்டியானஸ் கப்பெல்லா என்ற லத்தீன் எழுத்தாளர் வரிசைப்படுத்தினார். இடைக்கால ஐரோப்பியக் கல்விக்கூடங்கள் அவற்றை இரண்டாகப் பிரித்து நடத்தின. இலக்கணம், அளவையியல், சொல்லணி ஆகிய மூன்றும் சொல்லின் பக்கம். எண்கணிதம், வடிவியல், வானியல், இசை ஆகிய நான்கும் எண்ணின் பக்கம். கவனியுங்கள், இசை எண்ணின் பக்கம். மரபுதான் அளவுகோல் என்றால், இசைக் கோட்பாடு பாடம் படித்த என் அறைத்தோழிக்கு இன்றே அளவுசார் சிந்தனையில் 3 கிரெடிட் கொடுத்துவிட வேண்டும். கொடுக்க மாட்டீர்கள், கொடுக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. எனக்கு எதிராக மட்டும் மரபை ஏன் அழைத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த மரபும் ஐந்தாம் நூற்றாண்டிலேயே நின்றுவிடவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்து தாமே கணிதம் கற்ற ஜார்ஜ் பூல், 1847இலும் பிறகு இன்னும் விரிவாக 1854இலும், அளவையியலை இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். ஜெர்மன் கணிதவியலாளர் கொட்லோப் ஃப்ரேகே 1879இல் 'எல்லாம்', 'ஏதேனும் ஒன்று' ஆகியவற்றுக்குக் குறியீட்டு முறை வகுத்தார். என்னை இரண்டு வாரம் படுத்திய பகுதி அவர் கொடுத்ததுதான். 1930களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் கணிதமும் படித்த கிளாட் ஷானன் என்ற மாணவர், பூலின் இயற்கணிதத்தை ஒரு தத்துவ வகுப்பில்தான் அறிந்துகொண்டார். பிறகு அந்நாட்டின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் 1937ஆம் ஆண்டின் முதுகலை ஆய்வேட்டில், மின்சுவிட்சுகளின் இணைப்பை அதே இயற்கணிதத்தால் வடிவமைக்கலாம் என்று காட்டினார். இன்றைய கணினிச் சில்லுகளின் வடிவமைப்பு அந்த வழியில் வந்தது. கணினி நிரலாக்கத்தைப் பட்டியலில் வைத்துக்கொண்டு அதற்கு அடித்தளமான அளவையியலை நீக்கியிருக்கிறீர்கள். ஷானன் இன்று நம் மாணவராக இருந்திருந்தால் அந்தத் தத்துவ வகுப்பு அவருக்கும் விருப்பப் பாடமாகத்தான் போயிருக்கும்.

தமிழில் இந்தத் துறைக்கு அளவையியல் என்று பெயர் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். 'அளவை' என்ற சொல் இங்கே எண்ணுவதைக் குறிக்கவில்லை, காட்சி, கருதல் முதலாக அறிவுக்கு வந்து சேரும் வழிகளைக் குறிக்கிறது. மணிமேகலையில் வரும் அளவைவாதி பேசுவதும் அவற்றையே. ஆகவே சொல்லை வைத்து வாதாட நான் வரவில்லை. அளவையியலை அளவுசார் பிரிவிலிருந்து நீக்குகிறோம் என்ற தீர்மானத்தைத் தமிழில் எழுதும்போது யாருக்காவது கை தயங்கியிருக்க வேண்டாமா என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இனி, என் முதன்மையான முறையீட்டுக்கு வருகிறேன். கிரெடிட் என்பது என்ன என்று உங்கள் கையேடே சொல்கிறது: வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பு, 15 வாரங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி நேரம், மூன்றுக்கு 135. மணி எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறினாலும், வேறு பல இடங்களிலும் கிரெடிட் என்பது உழைத்த நேரத்தின் அளவுதான். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் முறையில் ஓர் ஆண்டின் முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1905இல் கொடுத்த நன்கொடையால் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்த அறக்கட்டளை, அந்த நிதியில் சேர விரும்பிய கல்லூரிகளுக்கு விதித்த நிபந்தனைகளுள் ஒன்றுதான், படிப்பை மணிக்கணக்கால் அளக்கும் அலகைப் பரவலாக்கியது. ஓய்வூதியக் கணக்கில் வேர்விட்ட ஓர் அளவுமுறை இன்று என் பட்டத்தை முடிவுசெய்கிறது என்பது வேடிக்கைதான்; ஆனால் அந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. உழைத்த மணிநேரத்தை அது அளக்கிறது. எந்தத் துறையின் கட்டடத்தில் உழைத்தாய் என்று கேட்பதில்லை. நான் அந்த 135 மணி நேரத்தைச் செலுத்தினேன். எதற்காகச் செலுத்துகிறேன் என்று கேட்டு, எழுத்தில் பதில் பெற்று, அதன்பிறகே செலுத்தினேன். செலுத்தி முடித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அது வேறொன்றுக்குச் செலுத்தப்பட்டதாகக் கணக்கை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

சிவப்புக் கட்டத்தைப் பார்த்த மறுநாள் பதிவாளர் அலுவலகம் சென்றேன். சாளரத்துக்கு அப்பாலிருந்தவர் பொறுமையாகவே பேசினார்; அவரைக் குறைசொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆலோசகரின் கையொப்பமிட்ட தாளைக் காட்டினேன். ஆலோசகரின் கருத்து பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்றார். கையேட்டைக் காட்டினேன். அதன் கடைசிப் பக்கத்தில், 'இதிலுள்ள விதிகள் முன்னறிவிப்பின்றி மாற்றப்படலாம்' என்ற வரியை விரலால் சுட்டிக் காட்டினார். அதே கையேட்டின் முதல் பக்கத்தில், 'இவ்வாண்டு சேரும் மாணவர்களின் பட்டத் தேவைகள் இவையே' என்று அச்சிட்டிருப்பதை நான் சுட்டிக் காட்டினேன். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. நீங்கள் விருப்பப் பாடம் ஆக்கிவிட்ட அந்த வகுப்பில் கற்றுத் தந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது: ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கூற்றுகளை ஏற்றுக்கொண்டுவிட்டால், அவற்றிலிருந்து எதை வேண்டுமானாலும் வருவிக்கலாம். அலுவலகம் அன்று வருவித்தது, எனக்குப் பட்டம் இல்லை என்பதை.

சரி, வேறு பாடம் ஒன்றைப் படித்து நிறைவுசெய்கிறேன் என்றேன். இந்த செமஸ்டரில் புதிய பாடம் சேர்க்கும் கடைசி நாள் இரண்டாவது வாரத்திலேயே முடிந்திருந்தது. உங்கள் அறிவிப்பு வந்தது ஆறாவது வாரத்தில். முன் தகுதி கேட்காத புள்ளியியல் அறிமுகம் ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டுமே நடக்கிறது. கோடை விடுமுறையில் வேறொரு கல்லூரியில் அதே பாடத்தைப் படித்து மாற்றிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். பட்டத்தின் கடைசி 30 கிரெடிட்டை இங்கேயே பெற வேண்டும் என்ற விதி அதற்கு இடம் தரவில்லை. அந்த விதிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எனக்கு எதிர்ப்பில்லை. பாடம் சேர்ப்பதற்குக் கடைசி நாள் என்று ஒன்று வேண்டும். எல்லாப் பாடங்களையும் எல்லா செமஸ்டரிலும் நடத்த ஆசிரியர்கள் போதாது. பட்டம் கொடுக்கும் இடத்தில் ஓரளவாவது படித்திருக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் இந்த மூன்று விதிகளுக்கு நடுவில் உங்கள் தீர்மானத்தை வைத்த மாத்திரத்தில் எந்தக் கதவும் திறக்காத ஓர் அறை உருவாகிவிட்டது. அதற்குள் நின்றுகொண்டுதான் விதிவிலக்கு கேட்டு மனு கொடுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: 'விதிகளில் இடமில்லை.'

ஆக, 3 கிரெடிட்டுக்காக ஒரு முழு செமஸ்டர் காத்திருந்து, அதற்குரிய கட்டணத்தையும் கட்டி, வாரம் மூன்று மணி நேர வகுப்புக்கு வந்துபோக வேண்டும். அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் முதுகலைப் படிப்பில் சேர எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பட்டம் முடித்ததற்கான சான்றைச் சேர்க்கை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த நாள் புள்ளியியல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். எனக்குத் தெரிந்து என் ஆண்டில் இன்னும் நால்வர் இதே நிலையில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் வேலை ஒப்புதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நிறுவனத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறார்.

ஒரு கல்லூரியிலிருந்து வேறொரு கல்லூரிக்கு மாறுபவர்கள் கிரெடிட்டை இழப்பது பலரும் அறிந்த துயரம். 2004 முதல் 2009 வரை அப்படி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 விழுக்காட்டை இழந்ததாக, அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. நான் எங்கும் மாறவில்லை. முதல் நாள் நுழைந்த அதே வாயிலின் வழியாகத்தான் எட்டு செமஸ்டரும் வந்துபோகிறேன்.

பட்டத் தேவைகள் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹார்வர்டில் 1869இல் தலைவரான சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஏறக்குறைய முழுவதுமாகக் கரைத்து மாணவர் விருப்பத்துக்கு விட்டார். 1909இல் அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமும் பல துறைகளில் பரவலும் வேண்டும் என்று கடிவாளத்தை மறுபடியும் இழுத்தார். இன்றைய மேஜரும் பிரிவுவாரித் தேவைகளும் அந்தத் திருப்பத்துக்குக் கடன்பட்டவை. பிறகு 1969இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம், மாணவர்களே முன்னின்று நடத்திய முயற்சியின் விளைவாக, பிரிவுவாரித் தேவைகளையே எடுத்துவிட்டது. நூறாண்டுக் காலத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கும் திரும்பவும் போய்வந்த விவாதம் இது. நாளை உங்கள் பேரவை என்ன முடிவெடுத்தாலும் அந்த வரலாற்றில் அதற்கு ஓர் இடம் இருக்கும். வரலாற்று மாணவியாக அதைப் படிக்க எனக்கு ஆர்வமும் உண்டு. ஆனால் சேர்ந்த ஆண்டின் கையேட்டின்படியே மாணவர் பட்டம் பெறலாம் என்பது பல பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது. புதிய பட்டியல் தமக்கு வசதியாக இருந்தால் மாணவர் விரும்பி அதற்கு மாறிக்கொள்ளவும் அங்கே வழியுண்டு. இத்தகைய ஏற்பாடு பேரவையின் கையைக் கட்டிப்போடுவதில்லை. அடுத்த ஆண்டு சேர்பவர்களுக்கு நீங்கள் எதை வேண்டுமானாலும் வகுக்கலாம். என்ன படிக்கப் போகிறோம் என்று தெரிந்து அவர்கள் வருவார்கள், அல்லது வராமல் இருப்பார்கள். எனக்கு அந்தத் தெரிவே இல்லை. ஆறாவது வாரம் அறிவித்த ஒன்றை இரண்டரை ஆண்டுகளுக்கு முன் நான் எப்படி அறிந்து தேர்ந்திருக்க முடியும்?

இது சலுகை கேட்கும் மடல் அல்ல என்பதற்காக ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். புள்ளியியல் படிப்பது எனக்கு நல்லதே. வரலாற்று ஆய்வுக்கு அது தேவைப்படும். முதுகலையில் படிக்கத்தான் போகிறேன். இந்த ஐந்து பாடங்களுள் எது வரலாற்று மாணவருக்குச் சிறந்தது என்று என்னிடம் கேட்டிருந்தால் புள்ளியியலையே சொல்லியிருப்பேன். ஆனால் சிறந்தது எது என்பதும், நிறைவேறியது எது என்பதும் இரண்டு கேள்விகள். பட்டத் தகுதிப் பக்கம் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டது.

பேரவையிடம் நான் கேட்பவை இவை. தீர்மானத்தின் இரண்டாம் பகுதியைத் திரும்பப் பெற்று, புதிய வகைப்பாடு அடுத்த கல்வியாண்டில் சேர்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று திருத்துங்கள். தீர்மானத்துக்கு முன் குறியீட்டு அளவையியலை முடித்த அனைவருக்கும் அது அளவுசார் சிந்தனைத் தேவையை நிறைவேற்றியதாகவே பதிவேட்டில் மீட்டெடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே மனுப் போட்டுக் காத்திருக்கும்படி விடாதீர்கள், ஏனெனில் இந்த மாற்றமே தெரியாமல் பட்டமளிப்பு நாளை எதிர்நோக்கியிருப்பவர்களும் இருப்பார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்து வரியை நீக்கி, அந்த இடத்தில் சேர்ந்த ஆண்டின் தேவைகளே பொருந்தும் என்றும், மாணவர் விரும்பினால் புதியவற்றுக்கு மாறலாம் என்றும் தெளிவாக எழுதுங்கள். ஆலோசகர் எழுத்தில் கொடுத்த உறுதியைப் பல்கலைக்கழகம் மதிக்குமா, மதிக்காதா என்பதையும் முடிவுசெய்து சொல்லுங்கள்; மதிக்காது என்றால், அதைக் கையொப்பத்துக்கு மேலேயே அச்சிட்டுவிடுங்கள், நாங்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்கிறோம். இறுதியாக, அளவையியலை அளவுசார் பிரிவில் வைப்பதா என்ற கேள்வியைத் தத்துவம், கணிதம், கணினி அறிவியல் ஆகிய மூன்று துறைகளின் ஆசிரியர்களையும் மாணவர் பிரதிநிதிகளையும் அழைத்து மறுபடியும் விவாதியுங்கள். அந்தப் பாடத்தின் சென்ற ஆண்டு இறுதித் தேர்வு வினாத்தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு விவாதியுங்கள்.

பட்டத் தகுதிப் பட்டியல் இன்னும் ஐந்து வாரங்களில் இறுதி செய்யப்படுகிறது. அதற்கு முன் பேரவையின் கூட்டம் ஒன்று மட்டுமே இருக்கிறது. முதல் நான்கு கோரிக்கைகளையும் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எடுக்கும் முடிவை, அது எதுவாயினும், காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதற்கு அவசரமில்லை. கையொப்பமிட்ட பதிவுப் படிவம், என் ஆண்டுக் கையேட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், அறிவிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த பட்டத் தகுதிப் பக்கத்தின் அச்சுப் பிரதிகள் ஆகியவற்றை இந்த மடலின் நகலோடு பேரவைச் செயலரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டு வரலாற்று மாணவி